அட்டை எண்ணெயும் மூன்று அரசாங்கங்களும்

ராமேஸ்வரம் போகும் வழியில், உச்சிப்புளிக்குச் சற்று முன்னால் கார் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி முன்மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு சேதுராமன் இறங்கிப் பார்த்தார். கடைசியாக நானும் இறங்கிப் பார்த்தேன். உள்ளே இருப்பது என்ஜின் என்பதற்கு மேல் மூவருக்கும் எதுவும் புலப்படவில்லை. தலைக்கு மேலே கடற்படையின் ஹெலிகாப்டர் ஒன்று எங்களை ஒரு வட்டம் சுற்றிப் பார்த்துவிட்டு, அதுவும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டது.

சேதுராமன் தமிழக அரசின் சித்த மருந்து ஆய்வாளர். நயினார்கோவில் பக்கம் மிளகாய் போடும் குடும்பம். சித்த மருத்துவம் படித்தவர். வைத்தியம் பார்ப்பதை விட்டுவிட்டு மற்றவர்கள் செய்யும் மருந்தைச் சோதிக்கும் வேலைக்கு வந்தவர். மதுரை விமான நிலையத்தில் என் பெயரைத் தப்பாக எழுதிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மலேசியா, கெடா மாநிலம். மருந்தாளராக ஆஸ்பத்திரியில் வெகுகாலம் இருந்துவிட்டு, இப்போது பாரம்பரிய மருந்துகளைப் பதிவு செய்யும் பிரிவில் இருக்கிறேன். ஆக, ஒரே வேலையை இரண்டு நாட்டில் செய்பவர்கள் ஒரே காரில் நின்றுபோயிருந்தோம்.

என் பூட்டன் இந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறினார் என்று வீட்டில் சொல்வார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே வழியில் வந்த எல்லா ஊரையும் ஒரே அளவு மரியாதையுடன் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மெக்கானிக் வரும்வரை எதிரே இருந்த பரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் பெரியபட்டினத்துக்காரர். "பசியாறியாச்சா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சொல்லை நாங்கள் மலேசியாவில்தான் சொல்கிறோம் என்று இவ்வளவு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய மச்சான் கோலாலம்பூரில் கடை வைத்திருக்கிறாராம். பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துக் கொடுத்தார். எங்கள் ஊர் ரொட்டி சானாய் இதற்குத் தம்பி முறை. அண்ணன் இன்னும் உடம்பு இளைக்கவில்லை.

"கூட்டத்தை ஏன் ராமேஸ்வரத்தில் வைத்தார்கள்?" என்று சேதுராமனிடம் கேட்டேன்.

"இந்தியா, இலங்கை, மலேசியா மூணுக்கும் நடுவுல இருக்குன்னு எழுதியிருக்காக, மேடம்."

"நடுவில் இல்லையே."

"இல்லைதான்," என்றார். "மேல ஒருத்தருக்குத் தீர்த்தமாடுற வேண்டுதல் இருக்கு."

மறுநாள் காலை கூட்டம் தொடங்கியபோது பிரதிநிதிகளில் பாதிப் பேர் ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தார்கள். ஒரு நாட்டின் பாரம்பரிய மருந்து இன்னொரு நாட்டுக்குள் எந்த விதிப்படி போகலாம், அதனால் ஒருவருக்குக் கெடுதல் வந்தால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் பேச வேண்டிய விஷயம். முதலில் 'பாரம்பரிய மருந்து' என்றால் என்ன என்று முடிவு செய்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் அது ஐந்து நிமிட வேலை என்று ஒப்புக்கொண்டார்கள். மதியச் சாப்பாடு வரை 'பாரம்பரிய' ஓடியது. சாப்பாட்டுக்குப் பிறகு 'மருந்து'.

இலங்கையிலிருந்து வந்தவர் டாக்டர் விஜேரத்ன. ஆங்கில மருத்துவம் படித்த அறுவை மருத்துவர். பிறகு எப்படியோ அமைச்சக வேலைக்கு வந்தவர். எந்நேரமும் டை கட்டியிருந்தார். இடைவேளையில் ஜன்னலருகே நின்று கடலைப் பார்த்து, "அதோ அந்தப் பக்கம் எங்கள் நாடு. நீந்தக்கூடியவர்கள் நீந்தி வந்திருக்கிறார்கள். நான் இங்கே வர விமானம் பிடித்து, கார் பிடித்து, ஒருநாள் முழுதும் போயிற்று" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது.

அன்று மாலைதான் எனக்கு ஆபத்து வந்தது. நானேதான் அதை வரவழைத்தேன்.

வெளிநாட்டுக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று, பூவேலை செய்த சின்னத் துணிப்பைகளில் ஆளுக்கொரு குப்பி 'காமாட்' எண்ணெய் கொண்டுவந்திருந்தேன். காமாட் என்பது கடல் அட்டை. கடலடியில் மணலில் கிடக்கும், வெள்ளரிக்காய் உருவம். எங்கள் லங்காவித் தீவில் அதைக் காய்ச்சி எடுத்த எண்ணெய் இல்லாத கடை கிடையாது. விமான நிலையத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். என் மாமியார் அதைத் தொப்புள் முதல் முழங்கால் வரை எல்லாவற்றுக்கும் போடுவார். எங்கள் அலுவலகத்தில் முறையாகப் பதிவான பொருள். பெருமையாக முதல் குப்பியைச் சேதுராமனிடம் நீட்டினேன்.

வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். பிறகு குப்பியை மேசையின் நட்டநடுவில் வைத்துவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மேடம், இது கடல் அட்டையா?"

"ஆமாம். சுத்தமானது."

"சுத்தமா இருந்தாத்தான் பிரச்சனையே," என்றார். "இங்கன அட்டையைப் பிடிச்சாலும் குத்தம், வச்சிருந்தாலும் குத்தம். புலியக் காப்பாத்துற அதே சட்டம். இந்தக் கடக்கரையில பாதி கேசு இதுதான்."

"இது எண்ணெய்தானே?"

"புலியக் காய்ச்சி எண்ணெய் எடுத்தா விட்டுருவாகளா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். சேதுராமன் நிதானமாக விளக்கினார். அவர் துறையில் இது பதிவில்லாத மருந்து. வனத்துறைக்கு இது வனவிலங்கு. சுங்கத்தில் இது என்னவென்று அவர்களுக்கே தெரியாததால்தான் நான் வெளியே வந்திருக்கிறேன். அப்போது பக்கத்தில் வந்த விஜேரத்ன குப்பியைப் பார்த்துவிட்டு, "எங்கள் பக்கத்தில் உரிமம் எடுத்தால் பிடிக்கலாம்" என்றார். அதே கடல். அதே அட்டை. அது எந்தப் பக்கமாக ஊர்கிறது என்பதைப் பொறுத்து மருந்தாகவோ ஏற்றுமதியாகவோ குற்றமாகவோ மாறிக்கொண்டிருந்தது.

எறிந்துவிடலாமா என்று கேட்டேன். தடயத்தை அழிப்பதாகும் என்றார் சேதுராமன். "கூட்டம் முடியட்டும். கடைசி நாள் நாமளே வனத்துறை ஆபீசுக்குப் போயி ஒப்படைச்சிருவோம். அதுவரைக்கும் பெட்டியில பூட்டி வையுங்க. யார்ட்டயும் சொல்லாதீக." அரசு வேலையில் இத்தனை வருடம் இருந்து, அயல்நாட்டில் அறைக்குள் வனவிலங்கை ஒளித்து வைத்துக்கொண்டு அன்று தூங்கினேன். தூங்கினேன் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது.

அடுத்த நாள் எனக்கு மீன் வேண்டும் போலிருந்தது. சுற்றிலும் கடல். ஆனால் நாங்கள் தங்கிய ஓட்டல் சுத்த சைவம். பக்கத்து ஓட்டலும் சைவம். யாத்திரை வருபவர்களுக்காக அந்தத் தெருவே சைவம். தீவில் மீனைத் தவிர எல்லாம் கிடைத்தது. 'பாதகமான விளைவு' என்ற சொல்லுக்கு விளக்கம் தேடும் அமர்வு மதியத்தோடு நின்றுபோனதால், சேதுராமன் என்னைத் தங்கச்சிமடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே செலின் என்ற அக்கா வீட்டில் வைத்தே சாப்பாடு போடுகிறார். மீனவக் குடும்பம். முன்னறையில் அந்தோணியார் படம், அதற்குக் கீழே இரண்டு பெஞ்சு, பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர்.

பாறை மீன் குழம்பும் நண்டு வறுவலும் வந்தன. நான் பேசுவதை நிறுத்தியிருந்தேன். அப்போதுதான் உள்ளறையிலிருந்து ஒரு வாடை வந்தது. மீன் வாடை இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்களுக்குச் சர்க்கரைக்காரர் கால் அழுகும் அந்த வாடை மறக்காது. கை தானாக நின்றது.

"உள்ளே யாருக்குக் காலில் புண்?" என்று கேட்டேன்.

செலின் அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "எங்க வீட்டுக்காரர்தான். சிப்பி கிழிச்சுச்சு. சக்கரை இருக்கு. கிழிச்சதே அவருக்குத் தெரியல, ரத்தத்த நான்தான் பாத்தேன். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில விரல எடுக்கணும்னாக. அன்னைக்கு எந்திரிச்சு வந்தவரு, திரும்பப் போக மாட்டேங்கிறாரு. யாரோ பொடி அனுப்புறாக, அதப் போட்டுக் கட்டிக்கிட்டுக் கெடக்காரு."

உள்ளே போனோம். அவர் கணவர் அந்தோணி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அகன்ற தோள். வெயிலில் வெந்த முகம். நான் மலேசியாவிலிருந்து வந்தவள் என்று தெரிந்ததும் நிமிர்ந்தார்.

"லங்காவி தெரியுமா?"

"எங்கள் மாநிலம்தான்."

"அங்கன அட்டை எண்ணெய் விக்கிறாகளாமே? எப்பேர்ப்பட்ட புண்ணும் ஆறிருமாமே? எங்ககிட்ட அட்டை வாங்குனவன் சொன்னான்."

"விற்கிறார்கள்," என்றேன்.

"கொண்டாந்திருக்கியளா?"

எனக்குப் பொய் வராது. சேதுராமனைப் பார்த்தேன். அவர் கதவு வழியே தெரிந்த அந்தோணியார் படத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தோணிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"ஒரு குப்பி குடுங்க," என்றார். "ஆறலைன்னா நானே ஆஸ்பத்திரிக்கு வாரேன்."

கொடுக்க முடியாது என்றேன். ஏன் என்றார். சட்டம் என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"சட்டமா? எனக்குத் தெரியாத சட்டமா, மேடம்? வலையில அட்டை வந்துச்சு. திருப்பிக் கடல்ல போட்டுருக்கணும். போடல. வெலை அப்படி. தப்புதான், இல்லைங்கல. ஜெயிலுக்குப் போயிட்டு வந்தேன். கேசு இன்னும் நடக்கு. கடலுக்குப் போற வள்ளத்தையும் புடிச்சுக்கிட்டாக. அம்புட்டும் அதுக்காகத்தான். ஆனா ஒரு சொட்டு எண்ணெய் என் கால்ல பட்டதில்ல. நீங்க பொட்டி நெறைய வச்சுக்கிட்டு சட்டம்ங்கிறியளே."

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தோம். ஓட்டல் வாசலில் சேதுராமன், "ஒரு குப்பிய அங்கன மறந்து வச்சிட்டு வந்தா என்னன்னு எனக்கும் தோணுச்சு, அக்கா" என்றார். அதுவரை மேடம் என்று சொன்னவர். "மறந்திருந்தா அவரு அதப் போட்டுக்கிட்டு இன்னும் ஒரு மாசம் உக்காந்திருப்பாரு. கால் போயிரும்."

"கால் மட்டுமா?" என்றேன்.

அடுத்த நாள் காலை என் உரை. தலைப்பு, கடல் அட்டை எண்ணெயை மலேசியா எப்படி வெற்றிகரமாக ஒழுங்குபடுத்தியது என்பது. புறப்படுவதற்கு முன்பே அச்சிட்டுவிட்ட நிகழ்ச்சி நிரல். குப்பியின் படத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பேசினேன். பேசும்போது ஒரு வரியில் நின்றுவிட்டேன். எந்தெந்த நோய்க்கு என்று குப்பியில் எழுத நாங்கள் அனுமதித்திருக்கிறோம் என்ற வரி. அதை இரண்டு தரம் வாசித்தேன். முன்வரிசையில் ஒருவர் நான் அழுத்தம் கொடுப்பதாக நினைத்துக் குறித்துக்கொண்டார்.

இடைவேளையில் விஜேரத்னவிடம் போய், "நீங்கள் ஒரு காலைப் பார்க்க வேண்டும்" என்றேன். யாருடைய கால், எந்த அமர்வில் என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த வடையை வைத்துவிட்டு வந்தார். அமர்வுக்குத் தலைமை தாங்க வேண்டிய மூவரும் ஒரே காரில் போய்விட்டதால் கூட்டம் அன்று தேநீரோடு தேங்கி நின்றதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

செலின் அக்கா கதவைத் திறந்து, டை கட்டிய ஆளைப் பார்த்ததும் பயந்துவிட்டார். "கோர்ட்டுல இருந்தா சார்?" என்றார். டாக்டர் என்றதும் உள்ளே விட்டார். விஜேரத்ன சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தார். கீழே பச்சைப் பொடி. பொடிக்குக் கீழே இரண்டு விரல் கறுத்திருந்தன. பாதத்தின் மேல்புறத்தை விரலால் அழுத்தி நாடியைத் தேடினார். எதிர்ப்பக்கம் சேதுராமன், யாரும் சொல்லாமலே, அந்தோணியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவருக்குப் பழைய படிப்பு நினைவுக்கு வந்துவிட்டது போலும்.

விஜேரத்ன ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "இன்றைக்கே போக வேண்டும். இன்றைக்குப் போனால் இரண்டு விரல். தள்ளிப்போட்டால் பாதம். அதற்கும் மேல் தள்ளினால் உயிர்."

"நாடியும் அதான் சொல்லுது," என்றார் சேதுராமன். "காச்சல் உள்ள எறங்கிருச்சு."

அந்தோணி எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தார். "ஏ செலினு, மூணு நாட்டு கவர்மெண்ட்டும் ஒண்ணுகூடி வந்து எங்கிட்ட வெரலக் கேக்குது பாரு."

"குடுத்துத் தொலைங்களேன்!" என்று செலின் அக்கா கத்தினார். "ரெண்டு வெரல வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? எனக்கு ஆளு வேணும்!" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அந்தோணி என் பக்கம் திரும்பி, "அந்த எண்ணெய்ய ஒரு தரம் போட்டுப் பாத்திட்டு வாரேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். "அண்ணே, அந்த எண்ணெயைப் பதிவு செய்கிற ஆபீசில்தான் நான் வேலை பார்க்கிறேன். குப்பியில் என்ன எழுதலாம் என்று சொல்வது நாங்கள்தான். என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? சின்ன வெட்டு. சிராய்ப்பு. பூச்சிக்கடி. அவ்வளவுதான். சர்க்கரைப் புண் ஆறும் என்று எவனாவது எழுதினால் அவன் கடையை நானே மூடுவேன். ஆறும் என்று இதுவரை யாரும் எனக்கு நிரூபித்துக் காட்டவில்லை."

"சிராய்ப்பா?" என்றார்.

"ஆமாம்."

"கீழ விழுந்தா முட்டி ராவுமே, அந்தச் சிராய்ப்பா?"

"அதேதான்."

அவர் சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அந்தோணியாரையும் ஒரு பார்வை பார்த்தார். முகத்தில் ரத்தம் ஏறுவதை நான் கண்ணால் கண்டேன்.

"சிராய்ப்புக்கா நான் ஜெயிலுக்குப் போனேன்?"

கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"உசிரக் காப்பாத்துற மருந்துன்னு நெனச்சேனே! அதுக்குத்தான் அம்புட்டு வெலை குடுக்குறாக, அதுக்குத்தான் போலீசு நிக்கிதுன்னு நெனச்சேனே! சிராய்ப்புக்கா என் வள்ளம் போச்சு?" கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். நொண்டிக்கொண்டே வாசலைக் கடந்து, செலின் அக்காவையும் கடந்து, எங்கள் காரின் முன் இருக்கையில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். "ஏலே, எட்றா வண்டிய!" என்றார் ஓட்டுநரிடம். ஓட்டுநர் அவருக்கு அறிமுகமே இல்லாதவர், ஆனாலும் எடுத்தார். நாங்களும் செலின் அக்காவும் ஓடிப்போய்ப் பின்னால் நெருக்கி ஏறிக்கொண்டோம்.

இவ்வளவு நேரம் எங்கள் மூவரின் படிப்பும் செய்யாததை அந்தக் கோபம் செய்துவிட்டது. அதைக் கலைத்துவிடக் கூடாதென்று பாம்பன் வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பாம்பன் பாலத்தில் கார் நின்றது. என்ஜினில் பழுதில்லை. பக்கத்து ரயில் பாலத்தில் ரயில் வருகிறதென்று பாலத்தின் மேல் ஊர்ப்பட்ட வண்டிகள் நின்று, எல்லோரும் இறங்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இது தினமும் நடப்பதுதானாம். எங்கள் பினாங்குப் பாலத்தில் வண்டியை நிறுத்தினால் போலீஸ் வரும். இங்கே நிறுத்தியவர்களுக்கு வேர்க்கடலை வந்தது. அந்தோணி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அது வலியா, கோபம் தணிகிறதா என்று தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் எங்களுக்கு நேரம் குறைவு.

விஜேரத்ன டையைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். நடுப்பாலத்தில் நின்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கையை ஆட்டிச் சத்தம் போட்டார். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. டை கட்டிய ஆள் நடுரோட்டில் கத்தினால் அவர் ஏதோ பெரிய அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று வண்டிகள் நகர்ந்தன. அயல்நாட்டு அதிகாரி ஒருவர் இந்திய நெடுஞ்சாலையை ஒழுங்குபடுத்தியது எந்த ஒப்பந்தப்படி என்று சேதுராமன் கேட்டார். அதுதான் அன்று அவர் சொன்ன ஒரே நகைச்சுவை. செலின் அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் அன்றே சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலை இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அதே காலையில் நானும் சேதுராமனும் பெட்டியுடன் வனத்துறை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தோம். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று கைப்பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதிகாரி என் வயதுள்ள பெண். ஒவ்வொரு குப்பியாக வெளியே எடுத்து வைத்தார்.

"இது எந்த வகை அட்டைங்க?"

லத்தீன் பெயரைக் காட்டினேன். "இது உங்கள் கடல் அட்டை இல்லை. தூரத்துச் சொந்தம்," என்றேன்.

"எங்களுக்கு எல்லா அட்டையும் ஒண்ணுதான்," என்றார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "பிடிபட்டவுகளத்தான் பாத்திருக்கேன். தானா கொண்டாந்து குடுத்தவுக நீங்கதான் முதல் ஆளு. என்ன செய்யிறதுன்னு மேல கேட்டுட்டு வாரேன், டீ குடிங்க" என்றார்.

மேலே கேட்பதற்கு நெடுநேரம் ஆயிற்று. டீ மூன்று முறை வந்தது. கடைசியில், தெரியாமல் கொண்டுவந்ததாகவும் தானாக ஒப்படைத்ததாகவும் என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு, குப்பிகளை வைத்துக்கொண்டு, என்னை விட்டுவிட்டார். பூவேலைத் துணிப்பைகளைத் திருப்பிக் கொடுத்தார். அவை பருத்தி. குற்றமில்லை.

கூட்டத்தின் கடைசி அமர்வு அன்று மாலை. 'பாரம்பரிய' என்ற சொல்லுக்கு விளக்கம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கடல் அட்டை பற்றி 'மேலும் கலந்தாலோசிக்கப்படும்' என்று எழுதினார்கள். ஒன்றே ஒன்று முடிவாயிற்று: ஒரு நாட்டு மருந்தால் இன்னொரு நாட்டில் ஒருவருக்குக் கெடுதல் நேர்ந்தால், கடிதப் போக்குவரத்துக்குக் காத்திராமல் இந்த மூன்று அதிகாரிகளும் நேராகப் பேசிக்கொள்ளலாம். இது நடைமுறையில் சாத்தியமா என்று தலைவர் கேட்டார். சேதுராமன் எழுந்து, "நடந்துக்கிட்டு இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஊர் திரும்பும் நாள், மதுரைக்குப் போகும் வழியில் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தோணி கண்ணை மூடிப் படுத்திருந்தார். "ராவெல்லாம் அழுதாரு," என்றார் செலின் அக்கா. "இப்பத்தான் அசந்தாரு. எழுப்பவா?"

வேண்டாம் என்றோம். விஜேரத்ன கட்டுக்கு வெளியே தெரிந்த மூன்று விரல்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு என்னிடம் ஒரு தமிழ்ச் சொல் கேட்டார். சொன்னேன். செலின் அக்காவின் பக்கம் திரும்பி, எழுத்துக் கூட்டுவது போல, "சூடு. நல்ல சூடு" என்றார். ரத்தம் ஓடுகிறது என்று நான் விளக்க வாயெடுத்தேன். தேவைப்படவில்லை. அக்கா குனிந்து அதே விரல்களைத் தன் கன்னத்தால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டார்.

வாசல் வரை போய்விட்டோம்.

"மேடம்." அந்தோணி ஒரு கண்ணை மட்டும் திறந்திருந்தார். "உங்க ஊர்ல சிராய்ப்புக்கு டிஞ்சர் கெடைக்காதா?"

"கிடைக்கும்," என்றேன்.

"வெலை?"

"ரொம்பக் கம்மி."

அவர் தலையை ஆட்டிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.